மறு: "வலியடக்கச் செறிவு" பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். மயக்க வாயு எவ்வளவு தேவை என்பதைக் குறிக்கும், ஆங்கிலத்தில் "மேக்" (MAC) எனப்படும் அளவுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்குக் குழுவில் வந்த ஒரு யோசனை இது:

> செம்முடிக்காரர்களுக்கு வலி அதிகம், அதனால் மயக்க வாயுவும் அதிகம் தேவை. ஆகவே அந்த அளவை "வலியடக்கச் செறிவு" என்று சொல்லலாம்.

ஐயா, இந்த "அதனால்" நிற்காது. வலி ஒரு பக்கம், மயக்க வாயுவின் தேவை இன்னொரு பக்கம்.

நாம் பெயர் தேடும் அளவை 1960களில் எட்மண்ட் ஈகரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்தார்கள். தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப்பேர் அசையாமல் கிடக்க, நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் வாயு எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்பதே கணக்கு. வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவர் விழித்திருக்கப் போவதில்லை. போதாக்குறைக்கு, அந்த அசைவை நிறுத்தும் வேலை பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது. வலியை உணரும் மூளைக்கு அதில் பங்கு குறைவு.

செம்முடி ஆய்வும் இதைத்தான் அளந்தது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் செய்து 2004இல் வெளியானது. செம்முடிப் பெண்கள் 10 பேர், கருமுடிப் பெண்கள் 10 பேர். டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்து மயங்க வைத்து, மின்தூண்டல் தந்து, கை கால் அசைகிறதா என்று பார்த்தார்கள். கருமுடிப் பெண்களுக்கு 5.2 விழுக்காடு போதுமாக இருந்தது, செம்முடிப் பெண்களுக்கு 6.2 வேண்டியிருந்தது. அந்தச் செம்முடிப் பெண்களில் 9 பேருக்கு எம்சி1ஆர் மரபணுவின் இரண்டு படிகளிலும் மாற்றம் இருந்தது. முடி செந்நிறமாவதற்கு முக்கியக் காரணமான மரபணு அதுதான்.

வலியை மறு ஆண்டில் விழித்திருந்தவர்களிடம் தனியாக அளந்தார்கள். சூடும் குளிரும் செம்முடிப் பெண்களுக்குச் சீக்கிரமே வலித்தன, லிடோகெய்ன் ஊசியும் சரியாக மரக்கவைக்கவில்லை. ஆனால் மருந்தில்லாமல் மின்சாரம் கொடுத்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் 2021இல், அதே மரபணு மாற்றம் கொண்ட எலிகளின் வலித் தாங்குதிறன் கூடுதலாக இருந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. செம்முடிக்காரர்களுக்கு மார்பின் வகை மருந்து நன்றாகவே கேட்கிறது என்றும் ஆய்வு உண்டு. அறுவைக்கு வந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்த பிந்தைய ஆய்வுகளிலோ மயக்க மருந்துத் தேவையில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் விஷயத்தைக் கலைச்சொல்லுக்குள் தீர்ப்பாக எழுதி வைக்க வேண்டுமா?

ஆகவே என் முன்மொழிவு: அசைவடக்குச் செறிவு.

நேர் மொழிபெயர்ப்பாக வந்த "மீச்சிறு நுண்ணறைச் செறிவு" தப்பில்லை, ஆனால் எதற்கு மீச்சிறு என்பதைச் சொல்லவில்லை. அறுவை அரங்கில் "ஒரு மேக்", "முக்கால் மேக்" என்று அலகாகவே பேசுகிறார்கள். நம் சொல்லையும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முக்கால் அசைவடக்கு". என் காதுக்கு உறுத்தவில்லை.

இன்னொன்று. முடிக்குச் "செம்பட்டை" வேண்டாம். எண்ணெய் காணாத முடியையும் சத்துக்குறைவில் நிறம் மங்கிய முடியையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். இங்கே "பிறவிச் செம்முடி" போதும். பல் மருத்துவரிடம் போடும் ஊசிக்கு மக்கள் சொல்லும் "மரத்துப்போற ஊசி"யிலிருந்து "மரப்பு" என்று எடுத்துக்கொள்ளலாம். மயக்கம் வேறு, மரப்பு வேறு, வலிநீக்கம் வேறு என்று மூன்று பதிவுகளாக இருக்கட்டும்.

பதிவு வாசகம் இப்படி இருக்கலாம்:

அசைவடக்குச் செறிவு: தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப்பேர் அசையாமல் இருக்கத் தேவையான, காற்று நுண்ணறையிலுள்ள மயக்க வாயுவின் விழுக்காடு.

"அடக்கு" கடுமையாகப் படுகிறதென்றால் "அசைவுத்தடைச் செறிவு" என்பதற்கும் எனக்கு மறுப்பில்லை. மயக்கவியல் மருத்துவர்கள் குழுவில் இருந்தால், வாயில் எது சுலபமாக வருகிறது என்று சொல்லுங்கள்.