குருசடைத் தீவு: மீனவர்களே ஓட்டும் படகு பற்றித் தகவல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறைக்குப் பாம்பன் போகிறோம். குந்துக்காலில் இருந்து குருசடைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்க ஆசை. மூட்டுவலியுள்ள அப்பாவும் ஏழு வயது மகளும் வருகிறார்கள்.

உள்ளூர் மீனவர்களே ஓட்டி, வழிகாட்டும் படகில்தான் போக விரும்புகிறேன். எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது, நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானதில் இருந்து, தலைமுறையாகப் போய்வந்த இடத்திலேயே அவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. சுற்றிக்காட்டுவதில் வரும் வருமானமாவது அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளித்தாலும் தெற்கே வளைகுடாப் பக்கம் அடங்கியிருக்கும் என்று தெரியும். ஜனவரியில் அடிவரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்குமா? அப்பாவால் படகில் ஏறி இறங்க முடியுமா, கைபிடிக்க ஏதாவது இருக்கிறதா? கண்ணாடித் தளம் போட்ட படகு குந்துக்காலிலேயே கிடைக்குமா, இல்லை ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசைக்குத்தான் போக வேண்டுமா?

சிறுவர்களுக்கு அளவான உயிர்காப்புச் சட்டை தருகிறார்களா என்பது ரொம்ப முக்கியம். சமீபத்தில் போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கட்டணமும் படகு கிளம்பும் நேரமும் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.