வெட்ட வெட்டப் பெருத்த புண்

உப்புவெளியிலிருந்து:

அம்மாவின் காலில் வந்த புண்ணைப் பற்றி எழுதுகிறேன். இதை வாசித்து யாருக்காவது ஒரு கால் தப்பினால் போதும்.

போன மாரியில் வாசற்படியில் காலை இடித்துக்கொண்டார். முன்னங்காலில் சின்னக் கொப்புளம்தான். பத்து நாளில் அது உள்ளங்கை அகலப் புண்ணாகிவிட்டது. ஓரமெல்லாம் நாவற்பழ நிறம். அந்த ஓரத்துக்கு அடியிலும் புண் உள்ளே ஓடியிருந்தது. நோவு என்றால் அப்படியொரு நோவு. சேலை விளிம்பு பட்டாலே கத்துவார்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அதனால் பார்த்தவர்கள் எல்லாரும் சீனிப் புண் என்றே முடிவெடுத்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். இரண்டு தரமும் ஒரு கிழமைக்குள், வெட்டின இடத்தையும் தாண்டிப் பரந்தது. சீழைச் சோதித்தால் கிருமி இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் வார்ட் வராந்தாவில் இருந்து அழுதேன்.

அப்புறம்தான் தோல் கிளினிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் இரண்டு கேள்வி கேட்டார். "வெட்டின பிறகு புண் குறைந்ததா, கூடியதா?" "அம்மா, மலத்தோடு இரத்தம் போகிறதா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருசமாகப் போகிறதாம். வெட்கத்தில் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வருத்தத்தின் பெயர் பயோடெர்மா காங்கிரினோசம். இதைக் காட்டித்தர இரத்தச் சோதனை எதுவும் இல்லை. ஓரத்தில் சின்னத் துண்டு எடுத்து அனுப்பி, கிருமியா, புற்றுநோயா, இரத்தக்குழாய் அழற்சியா என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். குடலைக் கமரா விட்டுப் பார்த்ததில் பெருங்குடலிலும் புண் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது உண்டாம்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து 40 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு எட்டுக் குளிசை. சீனி ஏறியது, இன்சுலின் போட்டுச் சமாளித்தோம். மூன்றாம் நாள் அம்மா போர்வையைக் காலுக்கு மேலே தானே இழுத்துப் போட்டார். முழுதாக ஆற ஐந்து மாதம் எடுத்தது. தழும்பு அரிதட்டுப் போலப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து:

அக்கா, என் வாப்பாவுக்கும் இதே வருத்தம்தான். அவருக்கு மூட்டுவாதத்தோடு வந்தது. கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் ஆறும் என்று சொன்னார்கள், கொண்டுபோனோம். ஆறவில்லை. பிரெட்னிசலோன் தந்த பிறகுதான் ஆறத் தொடங்கியது. ஆனால் முகம் ஊதுகிறது என்று வாப்பா யாரிடமும் கேட்காமல் குளிசையை நிறுத்திவிட்டார். இரண்டு கிழமையில் புண் திரும்பத் திறந்துவிட்டது. அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும் என்று டொக்டர் கடுமையாகச் சொன்னார். பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிரஷரும் சிறுநீரகச் சோதனையும் தவறாமல் பார்க்கவேண்டும். இப்போது புண் மூடிவிட்டது.

மூதூரிலிருந்து, தாதி ஒருவர்:

நானும் கட்டுப் போடுகிற ஆள்தான், அதனால் இதை மனம் நொந்து எழுதுகிறேன். 1930இல் இந்தப் பெயரை வைத்த அமெரிக்க மருத்துவர்கள் இது கிருமியால் வருவது என்று நினைத்தார்கள். கிருமியும் இல்லை, அழுகலும் இல்லை. நம்முடைய வெள்ளணுக்களே வந்து குவிந்து தோலைத் தின்கின்றன. தோலைக் காயப்படுத்தினால் அந்த இடத்துக்கு இன்னும் கூடுதலாக வரும். வழமையான சீனிப் புண்ணில் இறந்த தசையை வெட்டியெடுப்பது சரியான வேலை. இதிலோ அதுவே புண்ணைப் பெருக்கும். சேலைன் ஊற்றி மெதுவாகக் கழுவுங்கள். ஒட்டின துணியை இழுக்காதீர்கள், நனைத்து எடுங்கள். வீட்டுக்காரர் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்தால் டொக்டருக்குப் பெரிய உதவி.

உப்புவெளியிலிருந்து மறுபடியும்:

மிஸ், படம் எடுக்கும் யோசனை அப்போது எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை எடுக்கவேண்டும். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் வருத்தத்தின் பெயரைச் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன். கண் டொக்டரிடமும் காட்டிவிட்டேன். தோல் டொக்டரோடு பேசிவிட்டுத்தான் நாள் வைப்பேன் என்றார்.