கடுவலை வெசல் எடுக்கலாமா?

குழு: அம்மம்மா வீட்டு ஆட்கள்

சனி, இரவு

கஜன்: ஜீப் ஒன்று பார்த்திருக்கிறேன். ஹொண்டா வெசல் ஹைபிரிட், 2014, வெள்ளை. கடுவலையில் நிற்கிறது. மீற்றர் 71,000 தான். மற்ற இடங்களில் கேட்பதைவிட 6 லட்சம் குறைவு. நாளைக்கே அட்வான்ஸ் தரட்டாம், வேறு ஒருவரும் பார்த்துவிட்டுப் போனாராம்.

பவா சித்தி: படம் வடிவாக இருக்கிறது பிள்ளை. வெள்ளை என்றால் பிறகு விற்கவும் சுகம்.

ரகு: அந்த "வேறு ஒருவர்" எல்லா வாகனத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

சிவா மாமா: பவா, நிறத்தை அப்புறம் பார்ப்போம். கஜன், 71,000 ஐ மறந்துவிடு. மீற்றரைக் குறைக்கத் தெரிந்த ஆட்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், சாரதி இருக்கையில் கதவுப் பக்க விளிம்பு, இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன?

கஜன்: இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் உறை போட்டிருக்கிறார் மாமா. பெடல் ரப்பர் புத்தம் புதிது.

சிவா மாமா: 71,000 ஓடிய வாகனத்துக்குப் பெடல் ரப்பர் அவ்வளவாகத் தேயாது. பிறகு எதற்காம் மாற்றினார்?

ரகு: ஹாஹா

தர்ஷி அக்கா: தம்பி, முதலில் சேசிஸ் நம்பரை வாங்கு. ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வாகனம் என்றால் அதை வைத்து ஒக்‌ஷன் ஷீட், அதாவது ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிய தாள், எடுக்கலாம். 4, 4.5 என்று தரம் போட்டிருப்பார்கள், R என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. ஆனால் அது கப்பலேறும் வரைக்கும்தான் சாட்சி. இங்கே புதிதாகவே வந்திறங்கிய வெசல்களும் நிறைய, அவற்றுக்கு ஷீட்டே இருக்காது. அதனால் இங்கே சர்விஸ் செய்த பில்களைக் கேள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய மீற்றர் இருக்கும், வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா, அதாவது கடன் பாக்கி உண்டா என்றும் பார். ஓப்பன் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட பத்திரம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வா.

கஜன்: பதிவு 2015. முதல் உரிமையாளரே இவர்தானாம், லீசிங் இல்லை. சேசிஸ் நம்பர் கேட்டேன், "நேரில் வந்து பாருங்கள்" என்றார்.

சிவா மாமா: இன்னொன்று. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதால், வேறு காலத்தில் உடைத்து விற்றிருக்கக்கூடியவற்றையும் தட்டி நிமிர்த்தி ஓட்டினார்கள். பெயின்ட் பளபளப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பொனெட்டைத் திறந்து போல்ட் தலைகளைப் பார், ஸ்பானர் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கும். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் குறிகளையும் பார். ஒன்று மட்டும் வேறு கொம்பனி என்றால் ஏன் என்று கேள்.

ரகு: வெசலில் கியர்தான் பயம் என்கிறார்களே மாமா?

சிவா மாமா: ஓம், அதைத்தான் சொல்ல வந்தேன். அது சாதாரண ஓட்டோ கியர் இல்லை. 7 கியர், இரட்டைக் கிளச், அதுவும் எண்ணெயில் ஊறாத உலர் கிளச். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் மாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தக் கிளச் பாதி பிடித்தபடி உரசிச் சூடாகும். ஆரம்ப காலத்து மொடல்களை 2014 இலேயே ஜப்பானில் மென்பொருள் மாற்றத்துக்காக ரீகால் செய்தார்கள், அதாவது கொம்பனியே திருப்பி அழைத்தது, அது செய்யப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். அதற்காக வெசலே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காகப் பார்த்த வண்டி நன்றாக ஓடும். ஆனால் வெறும் வீதியில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. நெரிசலில் முக்கால் மணி நேரமாவது விடு, பிறகு ஒரு ஏற்றத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடு. உதறினாலோ தயங்கினாலோ வேண்டாம். கணினியைப் பொருத்திப் பிழைகளைப் படிக்கும் ஸ்கேன் அதற்குப் பிறகுதான். முதலிலேயே போட்டால், காலையில் பிழைகளை அழித்து வைத்திருந்தாலும் உனக்குத் தெரியாது.

தர்ஷி அக்கா: ஹைபிரிட் பற்றரியையும் அந்த ஸ்கேனிலேயே பார்க்கச் சொல். செல்களுக்கு இடையில் வோல்ட் வித்தியாசம் அதிகமா என்று.

பவா சித்தி: கடுவலையில் வெள்ளம் வருகிறதே பிள்ளை?

சிவா மாமா: பவா சரியான கேள்வி கேட்டாள்! 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கடுவலை, கொலன்னாவைப் பக்கம் என்ன பாடுபட்டது. 2015 இலிருந்து அங்கேயே நிற்கிற வாகனம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். வெசலில் ஹைபிரிட் பற்றரியும் இன்வேர்ட்டரும் டிக்கித் தரைக்குக் கீழே. அங்கே தண்ணீர் ஏறியிருந்தால் 6 லட்சம் என்ன, 16 லட்சம் குறைத்தாலும் வேண்டாம். டிக்கித் தரையைத் தூக்கிப் பார். சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், மேலே தெரிகிற பகுதியைத்தான் கழுவுவார்கள்.

ஞாயிறு, பகல்

கஜன்: போய் வந்தேன். நாங்கள் போகும்போதே எஞ்சின் சூடு, காலையில் கடைக்குப் போனாராம். சர்விஸ் பில் இரண்டுதான், இரண்டும் இந்த வருடம்.

கஜன்: பின் சீட்பெல்ட்டை முழுதாக இழுத்தேன் மாமா. கடைசி ஒரு சாண் மட்டும் மண்ணிறம், விரலால் தேய்த்தால் மா போல உதிர்கிறது. சாரதி இருக்கையைப் பின்னால் தள்ளினால் அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்கள் நாலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கேட்டதற்கு, பிள்ளைகள் தேநீர் ஊற்றிவிட்டார்களாம்.

ரகு: எத்தனை வாளி தேநீர்?

தர்ஷி அக்கா: டிக்கித் தரை?

கஜன்: தூக்க விடவில்லை. ஸ்கேனுக்கு ஆள் கொண்டு வரட்டுமா என்றேன், "நம்பிக்கை இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிவா மாமா: நல்லது. அட்வான்ஸ் ஒன்றும் கொடுக்கவில்லையே?

கஜன்: இல்லை மாமா. தெஹிவளையில் ஒரு டொயோட்டா சிஎச்ஆர் ஹைபிரிட் இருக்கிறது. விலை கூட, ஆனால் கேட்டவுடனேயே சேசிஸ் நம்பரும் பில்களின் படங்களும் அனுப்பிவிட்டார்.

சிவா மாமா: அதில் இந்தக் கிளச் தலையிடி இல்லை. பில்களைத் தர்ஷிக்கு அனுப்பு, மீற்றர் ஏறுகிற கணக்கை அவள் பார்க்கட்டும். புதன் காலை நானும் வருகிறேன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வை.

பவா சித்தி: அது என்ன நிறம்?