வீட்டு மாடியில் 10 மீட்டர் பயிற்சி: ஈயமற்ற பெல்லட்டுக்கு மாறலாமா?

மாடிக்கூடம் (கேள்வி)

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஓராண்டாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பயின்று வருகிறாள். கிளப்புக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் போக முடிகிறது என்பதால், பயிற்சியாளரின் யோசனைப்படி மாடியிலுள்ள நீண்ட அறையில் இலக்குப் பெட்டி ஒன்றை மாட்டி, நானும் உடனிருந்து சுட வைக்கிறேன். இப்போது 0.53 கிராம் ஈய பெல்லட்டுகளை (காற்றுத் துப்பாக்கியில் இடும் சிறு குண்டுகள்) பயன்படுத்துகிறோம். பயிற்சி முடிந்ததும் அவளுடைய விரல் நுனிகள் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. ஐந்து வயதுத் தம்பியும் அதே மாடியில்தான் விளையாடுகிறான் என்பதே என் கவலை. எச் அண்ட் என் நிறுவனத்தின் மேட்ச் கிரீன் என்ற ஈயமற்ற பெல்லட் 0.34 கிராம் எடையுள்ளது என்று கண்டேன். அதற்கு மாறினால் குறி கெடுமா? குழலுக்குத் தீங்கு உண்டா? நான் பொழுதுபோக்காகச் சுடும் ஏர் பிஸ்டலுக்கும் அதையே வாங்கலாமா?

பழைய பிஸ்டல் (மறுமொழி)

முதலில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. வெடிமருந்துத் துப்பாக்கிகளில் தோட்டாவின் பற்றுமருந்திலேயே பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கும். வெடிப்பின் வெப்பமும் சேர்ந்து ஈயத்தை மூச்சில் கலக்கும் நுண்தூளாக்கிவிடும். காற்றுத் துப்பாக்கியில் அந்த இரண்டும் இல்லை. இங்கே ஆபத்து பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் உள்ளது: ஒன்று பெல்லட்டைத் தொடும் விரல், மற்றொன்று பெல்லட் மோதி நசுங்கும் பெட்டி. ஆகவே சுடும்போது தின்பதும் குடிப்பதும் கூடாது. முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டிக்கு அடியில் விழும் தூளைத் துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். என் தலைமுறையினர் பலர் அடுத்த பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டே சுட்டோம். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருந்தாலும் தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும் வயதுள்ள குழந்தை இருக்கும் வீட்டில், ஈயமற்றதற்கு மாறுவதையே நான் ஆதரிப்பேன். இரத்தத்தில் இந்த அளவு ஈயம் வரை குழந்தைக்குத் தீங்கில்லை என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

எடைக்கணக்கு (மறுமொழி)

குறி கெடுமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். நீங்கள் சொல்லும் ஈயமற்ற பெல்லட் வெள்ளீயக் (tin) கலவையால் ஆனது; அது ஈயத்திலிருந்து வேறான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம். 0.53 கிராம் ஈய பெல்லட்டை அதே அளவில் வெள்ளீயத்தில் வார்த்தால் ஏறத்தாழ 0.34 கிராம் வரும். நீங்கள் பார்த்த பெல்லட்டின் எடையும் அதுவே. துப்பாக்கி 7.5 ஜூல் ஆற்றல் தருவதாகக் கொண்டால், ஈயம் நொடிக்கு 168 மீட்டர் வேகத்திலும் வெள்ளீயம் 210 மீட்டர் வேகத்திலும் கிளம்பும். 10 மீட்டர் கடப்பதற்குள் முன்னது 17 மி.மீ. தாழும், பின்னது 11 மி.மீ. தாழும். காற்றின் தடையை நான் சேர்க்கவில்லை. இலகுவான பெல்லட்டுக்கு அதே துப்பாக்கி சற்றுக் குறைந்த ஆற்றலையே தரும் என்பதால், உண்மையான வேறுபாடு இந்த 6 மி.மீட்டரைவிடக் கொஞ்சம் குறையலாம்.

இந்த 6 மி.மீ. ரைபிளில் பெரிய செய்தி. ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மி.மீ. அகலமே கொண்டது, நட்டநடுவில் பட்டு உச்ச மதிப்பெண்ணான 10.9 பெற வேண்டிய பெல்லட் அவ்வளவு மேலே போனால் 8.5 ஆகிவிடும். பிஸ்டல் இலக்கிலோ பத்தின் வட்டம் 11.5 மி.மீ. அகலம் என்பதால் அதே விலகல் 10.2 தரும். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருத்திக்கொண்டால் இந்த உயர மாற்றம் இரண்டிலும் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் ஒன்று, கிளப்பில் மற்றொன்று என்று மாற்றி மாற்றிச் சுடும் ரைபிள் வீராங்கனை ஒவ்வொரு முறையும் சைட்டைத் திருக வேண்டியிருக்கும். உங்கள் பிஸ்டலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

லேத்துப்பட்டறை (மறுமொழி)

உயரம் சைட்டால் சரியாகும், சிதறல் ஆகாது. ஈய பெல்லட்டின் மெல்லிய பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து, குழலின் திருகு வரிகளைக் கவ்விக்கொள்ளும். வெள்ளீயக் கலவை அதைவிடக் கடினமாக இருப்பதால் அவ்வளவு இணங்கிக் கொடுக்காது; எனவே தலையின் விட்டம் குழலுக்குப் பொருந்துவது ஈயத்தைவிட இதில் முக்கியம். மேட்ச் (போட்டித் தர) பெல்லட்டுகள் தலை விட்டம் 4.49, 4.50 என நூறில் ஒரு மி.மீ. வேறுபாட்டில் விற்கப்படுவது இதற்காகத்தான். பெட்டி பெட்டியாக வாங்குவதற்கு முன், ஒரு டப்பா வாங்கித் துப்பாக்கியை அசையாமல் தாங்கி வைத்து, ஐந்து ஐந்தாகச் சுட்டுத் துளைக்கூட்டத்தை அளந்து பாருங்கள். குழலின் எஃகைவிட வெள்ளீயம் மிக மென்மையானது. குழல் தேயும் என்ற அச்சம் வேண்டாம். ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் துப்பாக்கியாக இருந்தால் மட்டும், மிக இலகுவான பெல்லட்டுக்குப் பின்னால் காற்றுமெத்தை போதாமல் பிஸ்டன் முட்டக்கூடும் என்பதைக் கவனியுங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் இரண்டு. செம்பு பூசிய பெல்லட் ஈயமற்றதன்று. பூச்சுக்குள்ளே ஈயம்தான் இருக்கும். செம்பு பூசிய உருண்டைக் குண்டுகளோ பெரும்பாலும் எஃகு. திருகு வரியுள்ள மேட்ச் குழலில் அவற்றை ஒருபோதும் போடாதீர்கள். இன்னொன்று, நம் பேச்சுவழக்கே குழப்பம் தருவது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு என்பது உண்மையில் வெள்ளீயம். பெல்லட் ஈயம் என்பது காரீயம். கடைக்காரர் வெறுமனே 'ஈயம்' என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியையும் பாருங்கள். ஈயம் தகட்டில் மோதி நசுங்கி அங்கேயே விழும். கடினமான பெல்லட் எதிரே துள்ளி வரலாம். பின்தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது தகட்டுக்கு முன் தடித்த ரப்பரோ பழந்துணிக் கட்டோ இருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் அந்த அறையில் நிற்கக் கூடாது.

பழைய பிஸ்டல்

போட்டி விதி பற்றி ஒரு சொல்: ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிகள் 4.5 மி.மீ. அளவில் ஈயம் அல்லது அதைப் போன்ற மென்மையான பொருளாலான பெல்லட்டையே ஏற்கின்றன. வெள்ளீயத்தைப் பற்றி உங்கள் மாவட்டப் போட்டி நடுவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால், சோதனை மேசையில் தர்க்கம் வராது.

மாடிக்கூடம்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு டப்பா வாங்கி மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். மகளின் ரைபிளில் ஈயத்தின் ஐந்து துளைகள் ஏறக்குறைய ஒரே துளையாக விழுந்தன; வெள்ளீயம் கண்ணுக்குத் தெரியும்படி விரிந்து, எடைக்கணக்கு சொன்னதுபோல் மேலேயும் ஏறியது. பிஸ்டலில் இரண்டுக்கும் வேறுபாடு காண என் கைக்குத் திறன் போதவில்லை. ஆகவே நான் இன்றே மாறிவிட்டேன். அவள் வேறு தலை விட்டமுள்ள ஒரு டப்பா வந்து சேரும்வரை கிளப்பில் மட்டும் ஈயத்தைச் சுடுவாள். வீட்டில் பெல்லட் இல்லாமல் வெறும் விசைப் பயிற்சி. பழைய பெட்டியை ஈரத்துணியால் துடைத்து மூடிக் கட்டி, தம்பிக்கு எட்டாத பரணில் ஏற்றிவிட்டோம்.