புதுப்பிப்பு: நான்கு முறை படித்தும் மறந்துபோன கதை

கல்லூரியின் முதல் பருவத்தில், குறிப்புகளை நான்கு முறை படித்தும் தேர்வில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொன்னீர்கள். சரி, செய்தேன். முதல் வாரம் அவமானம்தான். வெற்றுத்தாளில் பாதிகூட வரவில்லை. ஆனால் எது தெரியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். என்னை ஏமாற்றியது அந்த 5 நிமிடம்தான்.

அப்புறம், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் கூச்சம் இன்னும் போகவில்லை. அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்.