கூட்டத்துக்குச் செய்யும் சீஸ் உருளை: சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்கள் அனுபவம்

அஸ்தம்பட்டியிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

பிறந்தநாள், கிறிஸ்துமஸ், புதுமனை புகுவிழா என்று ஆட்கள் கூடும் இடத்துக்குச் சீஸ் உருளை, அதாவது உருளைக்கிழங்கைச் சீஸ் சாஸில் கலந்து ஓவனில் சுட்டெடுத்த ட்ரே, எடுத்துப்போகிற பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. பல வருடமாகச் செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

சாப்பிட்டவர்கள் எல்லோரும் "எந்த சீஸ் போட்டீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான் என்றால் முதலில் உருளையைப் பற்றித்தான் பேசுவேன். உருளை சரியாக அமைந்துவிட்டால் சாதாரண சீஸ் போதும். உருளை தண்ணீர் விட்டால் எவ்வளவு விலையுள்ள சீஸும் அதைக் காப்பாற்றாது.

உழவர் சந்தையிலும் கடைகளிலும் நமக்கு வருவது பெரும்பாலும் ஊட்டி உருளை, கர்நாடக உருளை, ஆக்ரா பக்கத்து உருளை. வடக்கே மாசி, பங்குனியில் தோண்டி குளிர்பதனக் கிடங்கில் வைத்து வருடக் கடைசிவரை அனுப்புகிறார்கள். கடும் குளிரில் கிடக்கும் உருளையில் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறிவிடும். அதனால்தான் சில மாதங்களில் உருளை லேசாக இனிக்கிறது, ஓவனில் வைத்தால் உள்ளே வேகும் முன்பே மேலே கறுக்கிறது. அப்படிப்பட்ட உருளையை வாங்கி வந்தால் சமையலறையில் வெளிக்காற்றில் ஒரு வாரம் போட்டுவைங்கள், இனிப்பு ஓரளவு குறையும். செம்மண் ஒட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஊட்டி உருளை என்று நம்பி வாங்க வேண்டாம்.

மாவு உருளையா, கெட்டி உருளையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பதினோரு கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்து உருளையைப் போடுங்கள். மாவு உருளை அடியில் போய் உட்காரும், கெட்டி உருளை மிதக்கும். வட்டமாக நறுக்கி அடுக்கிச் செய்ய மிதப்பது நல்லது. வேகவைத்துத் துருவிச் செய்ய மூழ்குவது நல்லது. கூட்டத்துக்கு நான் துருவித்தான் செய்கிறேன். கரண்டியால் அள்ளிப் போட எளிது, சிறு பிள்ளைகளும் பல் இல்லாத பெரியவர்களும் சாப்பிடுவார்கள்.

பன்னிரண்டு பேருக்கு என் அளவு: உருளை ஒன்றரைக் கிலோ, பால் 400 மி.லி., துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 200 கிராம், சீஸ் 300 கிராம், வெண்ணெய் 50 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல், மிளகு, உப்பு. கெட்டியாக்க மைதா போடுவதில்லை. நம்ம ஊர் ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கும் மரவள்ளி ஸ்டார்ச் மாவு இரண்டு மேசைக்கரண்டி போதும். மைதா வாடை இல்லை, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம், தயிரும் திரியாது.

உருளையை முந்தின நாள் தோலோடு வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இது முக்கியம். குளிரில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் மறுநாள் துருவும்போது பிசுபிசுப்பு இல்லாமல் பூப்பூவாக விழும். சுடச்சுடத் துருவினால் பசைதான் கிடைக்கும். பச்சை உருளையை நேராகத் தயிர்க் கலவையில் போட்டு வேகவைக்கவும் கூடாது. புளிப்பு இருந்தால் உருளை மெத்தென்று ஆகாமல் விறைத்துக்கொண்டே கிடக்கும்.

பால், தயிர், ஸ்டார்ச் மாவு சேர்த்துக் காய்ச்சிய சாஸில் சீஸ் போடும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். செடார் வகைச் சீஸைக் கொதியில் போட்டால் எண்ணெய் தனியே பிரியும். கட்டியாக விற்கும் ப்ராசஸ்டு சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாத உப்புகள் சேர்த்திருப்பதால் அது அடம் பிடிக்காமல் உருகும். கூட்டத்துக்குப் பாதி ப்ராசஸ்டு, கால் பங்கு செடார், மேலே தூவக் கால் பங்கு மொசரெல்லா என்று வைத்துக்கொண்டால் சுவையும் இருக்கும், இழுபடவும் செய்யும்.

எடுத்துப்போவது பற்றி ஒன்று. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீட்டு விருந்துக்குப் போனோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. நிரப்பிய ட்ரேயை யார் மடியில் வைத்தாலும் சாஸ் மூலையில் வழிந்து நிற்கும் என்று தெரிந்ததால், துருவிய உருளை ஒரு டப்பாவில், குளிரவைத்த கெட்டி சாஸ் ஒரு டப்பாவில், சீஸ் ஒரு டப்பாவில் என்று ஐஸ் பெட்டியில் பிரித்து வைத்தேன். அங்கே போய்க் கலந்து ஓவனில் வைத்தேன். மேலே குமிழி வந்து பொன்னிறமாக ட்ரேயை இறக்கியபோது அந்த வீட்டு அம்மா பந்தியில் தானே நின்று பரிமாறினார். எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஏற்காட்டிலிருந்து:

அக்கா, நீங்கள் மேலே கொண்டுவந்து கலந்தது ரொம்ப சரி. ஆனால் உருளையைக் கீழேயே வேகவைத்து வந்ததுதான் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. நாங்கள் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு. திறந்த பாத்திரத்தில் உருளை வேக சேலத்தை விட நன்றாகவே நேரம் பிடிக்கும். கீழேயிருந்து வரும் உறவுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து இறக்கிவிட்டு "உள்ளே கட்டியா இருக்கே" என்பார்கள். நான் குக்கர் தவிர வேறு எதிலும் வேகவைப்பதில்லை.

அடுக்கிச் செய்யும் வகைக்கு இது இன்னும் கஷ்டம். நறுக்கிய பச்சை உருளையைப் பாலிலும் கிரீமிலும் ஊறவைத்து ஓவனில் வைப்பார்கள் இல்லையா, பிரெஞ்சுக்காரர்கள் செய்கிற மாதிரி. ஓவனை 180 டிகிரியில் வைத்தாலும் பாலுக்குள் இருக்கும் உருளைக்குக் கிடைப்பது பால் கொதிக்கும் சூடுதான். மலையில் அதுவும் குறைவு, பாலும் சீக்கிரம் வற்றும். அதனால் துண்டுகளைப் பாலிலேயே அடுப்பில் முக்கால் வேக்காடு வேகவைத்துவிட்டு அப்புறம் அடுக்குவேன். பால் ஒரு கப் கூடுதலாக ஊற்றுவேன். முதல் அரை மணி ஃபாயில் போட்டு மூடிவைப்பேன்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது இங்கே புதிதல்ல. ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) பாதியில் நின்றுவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே கொஞ்ச நேரம் வேகும். அதற்குள் கரண்ட் வராவிட்டால் கனமான தோசைக்கல் மேல் ட்ரேயை வைத்து, மூடி, சிறு தீயில் விடுவேன். மேலே நிறம் வராது, சுவை குறையாது.

மிளகு மட்டும் தயவுசெய்து கடைப்பொடி போடாதீர்கள். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடியில் காய்க்கிற மிளகு இருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். சீஸும் வெண்ணெயும் சேர்ந்த கனத்தை அந்தக் காரம்தான் தூக்கி நிறுத்துகிறது.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து:

நான் இதை முதன்முதலில் சாப்பிட்டது ஒரு துக்க வீட்டில். வேலை காரணமாக அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் சில காலம் இருந்தேன். அங்கே மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் நிறைய. பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது சபைப் பெண்கள் ஆளுக்கொரு ட்ரே கொண்டுவந்தார்கள், அதில் மூன்று ட்ரே இதே உருளை. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற உணவு என்பதால் பெயரே இறுதிச்சடங்கு உருளை. உறையவைத்த துருவல் உருளை, டப்பா சூப், புளித்த கிரீம், செடார் சீஸ், மேலே வெண்ணெயில் புரட்டிய கார்ன் ஃப்ளேக்ஸ். அந்த ஊர் மக்களுக்கு இது எவ்வளவு நெருக்கம் என்றால், 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இந்த உருளையின் படம் போட்ட, சட்டையில் குத்திக்கொள்ளும் பின்கூட விற்றார்கள்.

நம்ம பக்கமும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவுமுறைக்காரர்கள் சாப்பாடு கொண்டுபோவோம். அன்றைக்கு அந்த வீட்டுக் கூடத்தில் தட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது, தூரத்து ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் சித்தப்பா இறந்தபோது, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்காக இதைச் செய்து எடுத்துப்போனேன். சித்தி ஒரு வாய் சாப்பிட்டார். அதுவரை அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

சைவக்காரர்கள் கவனிக்க: அங்கே பெரும்பாலும் போடுகிற டப்பா சூப் கோழிச் சூப். இணையத்தில் பார்த்துச் செய்கிறவர்கள் அதற்குப் பதிலாகக் காளான் சாஸ் செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டுச் சீஸில் பாலைத் திரியவைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கலாம். பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் கவலை இல்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாதுங்க. தெருமுனை பேக்கரியில் ரொட்டி போட்டு முடித்த பிறகு அடுப்பில் சூடு நிறைய மிச்சம் இருக்கும். மாஸ்டரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் ட்ரேயை உள்ளே தள்ளிக் கொடுப்பார். கண்ணாடி ட்ரே வேண்டாம், செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் ட்ரே போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இருந்தால் நடுவில் சூடு ஏறாது.

மேலே போட எங்களுக்குக் கார்ன் ஃப்ளேக்ஸ் எதற்கு? தட்டுவடை செட்டுக்குப் போடுகிற தட்டையைக் கையால் நொறுக்கி, கொஞ்சம் உருக்கிய வெண்ணெயில் பிசறித் தூவுங்கள். அரிசி மாவுத் தட்டை என்பதால் சீக்கிரம் நமுத்துப்போகாது. தட்டையில் ஏற்கெனவே உப்பு, காரம் இருக்கிறது, சாஸில் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமியார் சீஸ் என்றாலே முகம் சுளிப்பார். தட்டை தூவிய பிறகு மொறுமொறுப்பான ஓரத்தை அவருக்கு எடுத்துவைக்கச் சொல்கிறார்.

சூரமங்கலத்திலிருந்து:

அக்கா, தங்கச்சி நிச்சயதார்த்தம் சித்திரையில் வருகிறது. 60 பேர். மதியச் சாப்பாடு, கூடவே இன்னும் நாலு அயிட்டம் இருக்கிறது. எவ்வளவு செய்யணும்? காலையிலேயே முடித்து வைத்துவிடலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

தம்பி, இது ஒன்றுதான் தொட்டுக்கொள்ள என்றால் ஏழரைக் கிலோ உருளை வேண்டும். நாலு அயிட்டத்தோடு என்றால் ஐந்து கிலோ போதும். தட்டைத் தூவல் யோசனையை நான் இந்த வாரமே செய்து பார்க்கப்போகிறேன், அம்மாப்பேட்டைக்கு நன்றி.

காலையிலேயே ஓவனில் சுட்டு மேசையில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பாலும் தயிரும் உருளையும் சேர்ந்தது வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். முந்தின நாள் இரவே ட்ரேயில் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், தட்டை மட்டும் தூவாதீர்கள். பந்திக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, பேக்கரி மாஸ்டரிடம் கொடுங்கள். வீட்டு ஓவன் என்றால் 180 டிகிரி. அறைச் சூட்டில் இருக்கும் ட்ரேக்கு 40 நிமிடம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததற்கு ஒரு மணி நேரம் வரை. நடுவில் கத்தியைக் குத்தி எடுத்து மணிக்கட்டில் வைத்தால் சுரீரென்று சுட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது மொசரெல்லாவும் தட்டையும் தூவுங்கள்.

இறக்கியதும் பரிமாறாதீர்கள், பத்து நிமிடம் விட்டால் சாஸ் இறுகிக் கரண்டியில் நிற்கும். எல்லா ட்ரேயையும் ஒரே நேரத்தில் இறக்கவும் வேண்டாம். முதல் பந்திக்கு இரண்டு, அடுத்த பந்திக்கு மற்றவை. மிச்சமானால் அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் பணியாரக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க எடுங்கள். வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளிகளுக்குக் காலை டிபனுக்கு ஆச்சு.