பழைய மடிக்கணினியில் ஓடக்கூடிய, திறந்து பார்த்து மாற்றக்கூடிய விளையாட்டுகள் எவை?

கூழாங்கல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மாணவன். அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. வந்த நாளில் அதில் விண்டோஸும், இந்திய அரசின் இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தி, லினக்ஸ் மின்ட் நிறுவிக்கொண்டேன். தனி வரைகலை அட்டை கிடையாது.

விண்டோஸ் இருந்தபோது, ‘முற்றிலும் இலவசம்’ என்று விளம்பரம் செய்த ஒரு தளத்திலிருந்து காணொளித் தொகுப்பு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கினேன். அதோடு கேட்காமலேயே மூன்று கருவிப்பட்டைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இரண்டு நாள் உழைத்துச் செய்த காணொளியின் நடுவே அந்த நிறுவனத்தின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் ‘இலவசம்’ என்பதும், மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிப் பகிரலாம் என்ற பொருளில் வரும் ‘கட்டற்றது’ என்பதும் வேறு வேறு என்று புரிந்தது.

இப்போது எனக்குப் பிடித்தவை ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டியும், படம் திருத்த கிம்ப்பும், படத் தரத்தைக் குறைத்து ஆடும் பந்தய விளையாட்டான சூப்பர்டக்ஸ்கார்ட்டும். விளையாடுவதோடு நிற்காமல், ஒரு விளையாட்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து, அதில் எதையாவது மாற்றவும் ஆசைப்படுகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

அறுகோணம்:

தம்பி, உங்கள் கணினிக்கும் ஆசைக்கும் சேர்த்துப் பொருந்துவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்பது என் கருத்து. டேவிட் வைட் 2003-இல் தொடங்கிய இந்தப் போர் விளையாட்டைச் சதுரங்கத்தைப் போல மாறி மாறி நகர்த்தி ஆட வேண்டும்; கட்டங்கள் மட்டும் அறுகோண வடிவில் இருக்கும். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் உள்ளே கணக்கு ஆழமானது. பகலில் மனிதப் படைகளின் தாக்குதல் 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். எலும்புக்கூட்டுப் படைக்கு இது தலைகீழ். ஆழமில்லாத ஆற்றில் நிற்கும் ஈட்டிவீரன்மீது எதிரியின் அடி விழும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால், அவனே ஊருக்குள் நின்றுகொண்டால் அது 40 சதவீதமாகக் குறைந்துவிடும். எனவே எந்தப் பொழுதில் ஆற்றைக் கடப்பது என்பதிலேயே பாதி வெற்றி அடங்கிவிடுகிறது. புல்வெளியில் 60 சதவீத வாய்ப்புள்ள மூன்று அடிகளும் தவறிப்போகும்போது கணினி ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றும். ஆனால் கணக்குப்படி ஏறக்குறைய 16 தடவைக்கு ஒரு தடவை அப்படி நடந்தே தீர வேண்டும். நிகழ்தகவு எனக்குப் புரிந்தது பாடப்புத்தகத்தில் அல்ல, இங்கேதான்.

நீங்கள் கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீரனும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். ஈட்டிவீரனின் கோப்பைத் திருத்தியில் திறந்தால் உயிர்ப்புள்ளி 36, விலை 14 தங்கம், ஈட்டிக் குத்து ஒவ்வொன்றும் 7 சேதமாக மூன்று முறை என்று எல்லாமே படித்தறியும்படி எழுதப்பட்டிருக்கும். நிரல் எதையும் தொகுக்கத் தேவையில்லை. எண்ணை மாற்றிச் சேமித்து, விளையாட்டை மீண்டும் ஏற்றினால் போதும். ஒரே எச்சரிக்கை: விளையாட்டோடு வந்த மூலக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். வலைவழி ஆட்டத்தில் உங்கள் கணினியின் கணக்கும் எதிராளியின் கணக்கும் முரண்பட்டு ஆட்டம் பாதியில் உடைந்துவிடும். உங்கள் பயனர் கோப்புறையில் ஒரு கூடுதல் தொகுதியாக நகலெடுத்து அதில் மாற்றுங்கள்.

தண்டவாளம்:

அறுகோணம் சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்கிறேன். ரயில், பேருந்து எல்லாம் ஓட்டிப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓபன்டிடிடி விளையாட்டை விட்டுவிடாதீர்கள். கிறிஸ் சாயர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ்’ என்ற வணிக விளையாட்டைப் பின்பற்றி 2004-இல் எழுதப்பட்டது இது. தொடக்கத்தில் நிரல் மட்டுமே கட்டற்றதாக இருந்தது; படங்களுக்கும் ஒலிக்கும் பழைய விளையாட்டின் குறுந்தட்டு தேவைப்பட்டது. பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து ரயில், வீடு, மரம் என்று ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைந்தார்கள். 2010 ஏப்ரலில் வந்த 1.0 பதிப்பிலிருந்துதான் குறுந்தட்டு இல்லாமல் அதை ஆட முடிந்தது. ஒரு விளையாட்டு நிரலால் மட்டும் ஆனதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உங்கள் மடிக்கணினிக்கு இது ஒரு சுமையே அல்ல. இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் எதிரெதிரே நின்று நகர மறுக்கும் முதல் நாளில் சைகை விளக்குகளின் தர்க்கத்தைக் கற்றுக்கொள்வீர்கள்; அது நிரலாக்கத்தில் வரும் முட்டுநிலைச் (டெட்லாக்) சிக்கலேதான்.

வரைவதற்கு கிம்ப்போடு கிருதா என்ற ஓவிய மென்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம்: 2002-இல் பயனர்களிடம் 1,00,000 யூரோ திரட்டிக் கட்டற்றதாக விடுவிக்கப்பட்ட அருமையான மென்பொருள்தான், ஆனால் இன்றைய பதிப்பு கேட்கும் ஓபன்ஜிஎல் 4.3 என்ற வரைகலை வசதி உங்கள் கணினியில் இருக்க வாய்ப்பில்லை. மௌரியர்களின் யானைப்படையோடு ஆடலாம் என்று யாராவது ஜீரோ ஏ.டி. என்ற பண்டைய காலப் போர் விளையாட்டைச் சொல்வார்கள். நல்ல விளையாட்டு, ஆனால் படை பெருகும்போது 4 ஜிபி திணறும்.

வெண்புள்ளி:

மற்ற இருவரோடும் நான் சற்று மாறுபடுகிறேன். எண்களை மாற்றுவது இரண்டு வாரத்தில் சலித்துவிடும். லுவாண்டி என்ற கட்டை உலக விளையாட்டை முயன்று பாருங்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கியது. 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்டது. நிறுவியவுடன் ஆடுவதற்கு எதுவும் இல்லாததைக் கண்டு பலர் நீக்கிவிடுகிறார்கள். அது விளையாட்டு இயந்திரம், அதாவது விளையாட்டுகளை இயக்கும் அடித்தள மென்பொருள் மட்டுமே; அதன் உள்ளேயே இருக்கும் தொகுப்புப் பட்டியலிலிருந்து விருப்பமான விளையாட்டைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். இயந்திரம் சி++ மொழியில் எழுதப்பட்டது. பள்ளியில் நீங்கள் படிப்பதும் அதுதான் என்பதால் மூலநிரலை ஒருநாள் எட்டிப் பார்க்கலாம். ஆனால் புதிய கட்டைகளையும் விதிகளையும் சேர்ப்பது லுவா மொழியில். பத்து வரியில் மிதித்தால் ஒளிரும் கல்லை உருவாக்கிவிடலாம். எழுதியது வேலை செய்ததா இல்லையா என்பது உடனே கண்ணுக்குத் தெரியும்.

சொந்தமாக ஒரு விளையாட்டை எழுதும் ஆசை வந்தால், அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் யாரும் எடுத்து மாற்ற அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிடப்பட்ட கோடோ என்ற விளையாட்டு இயந்திரம் இருக்கிறது. பழைய கணினிக்கு அதன் 3-ஆம் வரிசைப் பதிப்பே உகந்தது.

அறுகோணம்:

வெண்புள்ளி சொல்வது சரிதான், ஆனால் சலிப்பு வருவதற்கு முன் ஒரு வெற்றி கிடைக்க வேண்டும் அல்லவா? புதிதாக வருபவருக்கு லுவாவில் வரும் முதல் பிழைச்செய்தியே மிரட்டிவிடும்.

கூழாங்கல்:

அண்ணன்மார் மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெஸ்நாத்தோடு கழிந்தது. ஈட்டிவீரனை நகலெடுத்து, தனி அடையாளப் பெயர் கொடுத்து, உயிர்ப்புள்ளியை 360 ஆக்கினேன். தாக்குதல் பகுதியை முடிக்கும் குறியீட்டை விட்டுவிட்டதால் முதல் முறை ஏற்றும்போதே பிழைச்செய்தி வந்தது. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்றும் அதுவே சொன்னதால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். உதவிப் பக்கத்தில் என் வீரன் இப்போது தெரிகிறான். ஆனால் ஆட்டத்தில் படை திரட்டும் பட்டியலில் அவன் வரவே இல்லை. எங்கே தவறு?

அறுகோணம்:

தவறு எதுவும் இல்லை, தம்பி. யாரையெல்லாம் திரட்டலாம் என்பது வீரனின் கோப்பில் இருப்பதில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் தனிப் பட்டியல் உண்டு, அதில் உங்கள் வீரனின் அடையாளப் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஆட்டத்தின் நடுவே முக்காற்புள்ளி (:) விசையை அழுத்தி, debug என்று ஆங்கிலத்தில் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். பிறகு காலிக் கட்டம் ஒன்றில் வலச்சொடுக்கினால் எந்த வீரனையும் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். 360 புள்ளியோடு அவனை யாரும் வீழ்த்த முடியாது என்பதால் விலையையும் ஏற்றிவிடுங்கள். 14 தங்கம் போதாது.